சீந்தில் கொடிப் பூச்சி

1997 ஜூன் மாதம் இராமலெட்சுமிக்கு ஓர் ஆண் பூச்சி தேவைப்பட்டது.

பெண் பூச்சி அவளிடம் இருந்தது. கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சிச் சேகரிப்பில் அவள் ஒன்பது வருடமாக உதவியாளராக வேலை செய்தாள். வயது முப்பத்துநான்கு. ஊர் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம். வெள்ளவத்தையில் பைறோஸா என்ற விதவையின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். பழைய பெட்டிகளைத் துப்புரவு செய்தபோதுதான், பெயர் வைக்கப்படாத நாற்றப்பூச்சிகளுக்கு நடுவே, துருப்பிடித்த ஊசியில் குத்தியிருந்த அந்தப் பெண் பூச்சியைக் கண்டாள். விரல் நகத்தளவு, பாசிப்பச்சை நிறம். கீழே ஒரு சிறு தாள்: கொட்டாஞ்சேனை, 1931 ஜூன், சீந்தில் கொடியில்.

தொட்டால் நாறும் இந்தப் பூச்சிகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கூட்டத்தோடு சேர்த்துவிடலாம். இதைச் சேர்க்க முடியவில்லை. பின்னங்கால்களுக்கு நடுவே வயிற்றிலிருந்து முன்னோக்கி நீண்ட ஒரு முள். நாற்றத்தைக் கக்கும் துவாரத்திலிருந்து விலா ஓரம்வரை ஓடும் வளைந்த வாய்க்கால். தோளில் கூர் இல்லை. நூலகத்தில் இருந்த, பூச்சிகளை இனங்காணும் அட்டவணைகளை எட்டு மாதம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்த வழியில் போனாலும் நடுவில் பாதை நின்றுபோனது. இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய சாதி என்று அவளுக்குப் பட்டது. பல இனங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய பிரிவைப் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆண் இல்லாம கட்டுரை எழுதேலாது," என்றார் அவளுடைய மேலதிகாரி கலாநிதி வீரக்கொடி, சிங்களத்தில். ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் கிண்ணம் போன்ற உறுப்பைப் பார்த்துத்தான் உறவுமுறையைத் தீர்மானிப்பார்கள். "ஒரு ஆணைத் தேடிக் கொண்டு வாங்க. சேர்ந்து எழுதுவம்."

அறுபத்தாறு வருடத்துக்கு முந்திய கொடியைத் தேடி அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். துறைமுகம் பக்கம் என்பதால் சந்திக்குச் சந்தி மணல் மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண். அங்கே ஒரு தமிழ்ப் பெண், கையில் பையோடு, மதில்களை அண்ணாந்து பார்த்தபடி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். படியேறத் தயங்கும் கால்களோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் யன்னலைச் சாத்தினார்கள். வலன்ரைன் மட்டும் கேற்றைத் திறந்தார்.

அவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்துநான்கு. மனைவி பிலோமினாவும் அவரும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். பின்மதில் முழுக்கச் சீந்தில் படர்ந்திருந்தது.

"பூச்சியிலயும் சாதி பாக்கிறியளோ பிள்ளை?" என்று கேட்டுச் சிரித்தார். பிலோமினா தேத்தண்ணி கொடுத்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வரலாம் என்றார்கள். மூன்று செவ்வாய் வந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நான்காவது செவ்வாய் அவள் ஒரு போத்தல் கொண்டுபோனாள்.

பூச்சியைச் சட்டென்று கொல்ல வேண்டும். மெதுவாகச் செத்தால் நிறம் மாறிவிடும். வழக்கமாகப் பயன்படுத்தும் திராவகம் தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. யுத்த காலத்தில் எந்த இரசாயனத்தை வாங்கவும் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டும். அலுமாரியின் அடித்தட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் போத்தல்கள் இரண்டு இருந்தன. அடியில் சயனைட் உப்பைப் போட்டு மேலே சாந்து பூசியவை. மூடியைத் திறந்து பூச்சியைப் போட்டால் இரண்டு நிமிடம். ஒன்றை எடுத்துப் பையில் வைத்தாள். எவரிடமும் சொல்லவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. மண்டையோடு அச்சிட்ட தாள் ஒன்று போத்தலில் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்து, அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினாள். இயக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் சயனைட் குப்பி கட்டியிருந்ததால், அந்தச் சொல்லைத் தமிழ் வாயால் உச்சரிக்கவே கொழும்பில் ஆட்கள் பயந்த காலம்.

அன்று பத்தரை மணிக்கு, கொடியின் கீழ்த் தண்டில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பச்சைப் பூச்சிகள் ஏறிக்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடியால் வயிற்று நுனியைப் பார்த்தாள். இரண்டும் ஆண்.

போத்தலின் மூடியைத் திருகும்போதுதான் பிலோமினா முன்பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"ஆமி ஒழுங்கையை அடைச்சிட்டாங்கள். வீடு வீடா வாறாங்கள்."

இராமலெட்சுமி கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். ஒழுங்கை வாயில் ஒவ்வொருவர் பையையும் கொட்டிப் பார்ப்பார்கள். வழியில் எறியவும் முடியாது. சொந்தக்காரர் இல்லாத பொருள் ஒன்று கிடந்தால் தெருவையே மூடிவிடுவார்கள்.

"என்ன பிள்ளை அது?" என்று வலன்ரைன் கேட்டார்.

"பூச்சி மருந்துங்க அங்கிள்."

"அப்ப இஞ்ச வச்சிட்டுப் போங்கோ. வாற கிழமை எடுக்கலாம்."

அவள் போத்தலை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு போய்க் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சவர்க்காரத் தூளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இரண்டு பூச்சிகளையும் உயிரோடு ஒரு வெறும் நெருப்புப்பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒழுங்கை வாயில் பெண்கள் தனி வரிசை. அவளுடைய அடையாள அட்டையைப் புரட்டிய சிப்பாய்க்கு இருபது வயதுகூட இராது. "பண்டாரவளையா? இங்கே என்ன வேலை?" அவள் சிங்களத்தில் பதில் சொன்னாள். நிறுவனத்தின் அட்டையைக் காட்டினாள். அவன் பையைக் கிளறினான். நெருப்புப்பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டினான். உள்ளே ஏதோ நகரும் சத்தம் கேட்டு, முகத்துக்கு நேரே வைத்துத் திறந்தான்.

அவ்வளவுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியை அவள் கையில் திணித்தான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். "போ, போ," என்றான். மூடும்போது அவள் விரலிலும் அந்த நாற்றம் ஒட்டிக்கொண்டது. பஸ் தரிப்புவரை நடந்தாள்.

நிறுவனத்துக்குப் போய்ப் பூச்சிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மதியத்துக்குப் பிறகு ஒன்றின் வயிற்று நுனியை வெட்டி எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். கிண்ணத்தின் விளிம்பு இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் மயிர்க்கற்றை நின்றது. உள்ளே இருந்த கொக்கிகள் கோடரி வடிவம். அப்படி ஒன்றை எந்தப் படத்திலும் அவள் கண்டதில்லை. வீரக்கொடி வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எழுதலாம்," என்றார். போத்தலைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. இருட்டும்வரை படம் வரைந்தாள்.

அவள் அப்படி மகிழ்ந்து வரைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் வலன்ரைனைக் கொண்டு போயிருக்கிறார்கள். அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பைறோஸா தொலைபேசியை நீட்டினாள். மறுமுனையில் பிலோமினா.

"அந்தப் போத்தல் என்னது பிள்ளை?" அவள் அழவில்லை. குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "அடியில கண்ணாடியில ஏதோ இங்கிலிஷ் எழுத்து வெட்டியிருக்காம். கே, சீ, என். அதை வாசிச்சிட்டுத்தான் கொண்டு போனவங்கள். இவர் பூச்சி மருந்தெண்டு மட்டும் சொன்னவர். உங்கட பேரைச் சொல்லயில்லை. என்னையும் சொல்ல வேண்டாமெண்டு கண்ணால காட்டினவர்."

தாளை உரித்தவள், சயனைட் உப்பின் குறியான அந்த எழுத்துகள் அடிக்கண்ணாடியில் வெட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை.

பைறோஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பைறோஸா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போவாத புள்ள. போனா உன்னயும் வச்சிக்குவாங்க. அந்த மனுசன் வயசாளி, உட்ருவாங்க. நீ சின்னப் பொம்புள."

"அவருக்கு அதுல என்ன இருந்துச்சின்னே தெரியாது ராத்தா. நான் சொல்லல."

"காலையில உன்ட பெரியவர்ட்டப் போ. அவரு சிங்கள ஆள். அவரு வந்தா வேற."

காலையில் வீரக்கொடி அவள் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். பிறகு, பூச்சி சேகரிப்பவர்கள் இப்படியான போத்தல்களைப் பயன்படுத்துவதுண்டு என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் போத்தல் நிறுவனத்துடையது என்று எழுதவில்லை. தான் வருவதாகவும் சொல்லவில்லை. அவள் அந்தக் கடிதத்தையும் தன் படங்களையும் பழைய பெண் பூச்சியின் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

பொலிஸ் நிலைய வாசலை இரண்டு தரம் கடந்து நடந்தாள். எதிர்ப்புறக் கடையில் ஒரு சோடா வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு, மூன்றாம் தரம் உள்ளே போனாள். "நேற்று ஒரு போத்தல் பிடித்தீர்களே, அது என்னுடையது," என்று மேசையில் இருந்தவரிடம் சொன்னாள்.

ஒரு பெண் பொலிஸ் அவளுடைய கொண்டை ஊசிகளையும் செருப்பையும் வாங்கிக்கொண்டாள். யன்னலில்லாத அறையில் அதிகாரி ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, மெதுவான குரல். போத்தல் அவர் முன்னால் இருந்தது. அவள் படங்களை விரித்தாள். முள்ளையும் வாய்க்காலையும் காட்டினாள். ஆணின் கிண்ணத்தைக் காட்டும்போது வெட்கப்படக்கூட மறந்துபோனாள். அவர் படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கோடு என்ன? அளவு போட்டிருக்கிறாய். ஏதாவது இடத்தின் வரைபடமா?"

"பூச்சியின் விலா சேர். மில்லிமீற்றரில்."

"இதில் இருப்பதை மனிதர் சாப்பிட்டால் எவ்வளவு நேரம்?"

"தெரியாது சேர். பூச்சிக்கு இரண்டு நிமிடம்."

"தாளை உரித்தது யார்?"

"நான்தான்."

"ஏன்?"

"பயத்தில்."

"யாருக்குப் பயந்து?"

அவள் மேசையைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் சேர்," என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவளை உள்ளே போட்டார்கள். அன்று பின்னேரம் வலன்ரைனை விட்டுவிட்டதாக அந்தப் பெண் பொலிஸ் சொன்னாள். அது உண்மையா என்று அறிய வழியில்லை. இரும்புக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தன்னை வேறெங்கோ கொண்டுபோகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். அப்படிக் கொண்டுபோனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். உடனிருந்த மூன்று பெண்களில் ஒருத்தியை அப்படிக் கூட்டிப் போனார்கள். அவள் திரும்பி வரவில்லை. வெளியே கதவருகே வாகனச் சத்தம் கேட்டால் இராமலெட்சுமி சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். நினைவைப் பிடித்து நிறுத்த, பூச்சியின் விவரணையை மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். தலை அகலத்தைவிட நீளம். உணர்கொம்பு ஐந்து கணு. மூன்றாம் கணு இரண்டாவதைவிடக் குறுகியது. நான்காவதுக்கு வரும்போது எப்போதும் கதவு திறந்தது.

நான்காம் நாள் வீரக்கொடி வந்தார். துணியில் சுற்றி இரண்டாவது போத்தலைக் கொண்டு வந்திருந்தார். அதன் அடியிலும் அதே எழுத்து, அதே வெட்டு. இரண்டும் சோடி, அறுபது வருடமாக எங்கள் அலுமாரியில் இருப்பவை, எடுத்துக்கொண்டு போனவள் என் உதவியாளர் என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரி இரண்டு போத்தல்களையும் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவளை விட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருதரம் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

"ஏன் அன்றைக்கே வரவில்லை" என்று அவள் கேட்கவில்லை. காரில் வரும்போது அவரே சொன்னார், "எனக்கும் பிள்ளைகள் இருக்கு." அவள் தலையை ஆட்டினாள்.

நேரே வெள்ளவத்தைக்குப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் இறங்கினாள். கேற்றைத் திறந்தது பிலோமினா. உள்ளே வரச் சொல்லவில்லை. அவள் தோளுக்கு மேலால், வீட்டின் பக்கச் சந்து வழியே பின்மதில் தெரிந்தது. கொடியை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். வெறும் சீமெந்தில் பழுப்புத் தழும்புகள் மட்டும் இருந்தன.

வலன்ரைன் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி மெதுவாக வந்தார். இடது காலை இழுத்து நடந்தார்.

"அடிச்சாங்களா அங்கிள்?"

"அதை விடுங்கோ."

"நான் பொய் சொல்லிட்டேன். பூச்சி மருந்துன்னு. மன்னிச்சிருங்க."

"சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டன் பிள்ளை," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. "வந்து சொன்னியள்தானே. இல்லாட்டி நான் இன்னும் உள்ளதான். ஆனா இனி இந்தப் பக்கம் வராதேங்கோ. இவளுக்குக் கேற் சத்தம் கேட்டாலே நெஞ்சு பிடிக்குது."

"கட்டுரையில உங்க பேரைப் போடலாம்னு இருந்தேன். பூச்சி கிடைச்ச இடம், உதவி செஞ்சவங்க, எல்லாம் எழுதணும்."

"என்ட பேர் ஒரு இடத்திலயும் வேண்டாம். வீட்டையும் எழுத வேண்டாம்."

பிலோமினா கேற்றைச் சாத்தினாள்.

கட்டுரை அடுத்த வருடம் கடைசியில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. புதிய சாதி, அதில் ஒரே இனம், ஒரு பெண், இரண்டு ஆண். வீரக்கொடியின் பெயரும் அவளுடைய பெயரும் இருந்தன. ஆண் பூச்சிகள் கிடைத்த இடத்தைக் கொழும்பு என்று மட்டும் எழுதினாள். சஞ்சிகையின் ஆசிரியர், தெரு விவரம் ஏன் இல்லை என்று கடிதத்தில் கேட்டிருந்தார். கிடைக்கவில்லை என்று பதில் எழுதினாள். அதற்குப் பிறகு அந்தப் பூச்சியை வேறெவரும் எங்கும் கண்டதாகத் தெரியவில்லை.

கட்டுரையின் பிரதி தபாலில் வந்த அன்று அவளுக்குக் கையெழுத்து வைக்கும் நாள். கடித உறையைப் பிரிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள்.