நாற்காலியில் சாய்ந்த பின்னணிகள்

ஒரு கட்டடம் நிற்பது அஸ்திவாரத்தின் மேல் அல்ல, அதை வரைந்தவர்களின் கல்வியின் மேல். சான் லிசார்தோவின் ஒரே கட்டடக்கலை அலுவலகத்தின் வரவேற்பறையில், பொன் எழுத்தில் இப்படி ஒரு பலகை இருந்தது. தொங்கியது என்று சொல்ல முடியாது. ஆணி சுவரில் நிற்காததால் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

வாசகத்துக்குக் கீழே அங்கே வரைகிறவர்களின் படமும் பின்னணியும். முதலாளி டான் ஏர்லான்: 'மாட்ரிட்டில் உயர்பயிற்சி.' தரை ஓடு கம்பெனி தன் செலவில் கூட்டிப்போன கண்காட்சி அது. அவருடைய தங்கை மகன் யெர்கோ: 'பார்சிலோனாவில் நகரியல் ஆய்வு.' அங்கே அவன் சைக்கிளில் பீட்சா கொண்டு போனான். தெருக்களை ஆராய்ந்தான் என்பதில் பொய்யில்லை. கடைசியில் நெல்ஃபி. சொந்த நாட்டிலேயே, சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். அவளுக்குக் கீழே: 'உள்ளூர். நிறங்களில் நல்ல ரசனை.'

ஊரின் புதிய பஸ் நிலையத்தைக் கூரை முதல் நடைமேடை வரை வரைந்தவள் அவள்தான். மறுநாள் மேயர் வரைபடம் பார்க்க வருகிறார். நிலையத்துக்குப் பொறுப்பாளர் யெர்கோ என்று அன்று காலையில்தான் காதில் விழுந்தது. தின்றுகொண்டிருந்த சல்தேன்யாவை, சாறு நிறைந்த அந்த இறைச்சிப் பப்ஸை, மேஜையில் எறிந்துவிட்டு முதலாளியின் அறைக்குள் போனாள்.

"அவனுக்கு வடக்கு எந்தப் பக்கம்னாவது தெரியுமா, டான் ஏர்லான்?"

"கத்தாதேம்மா. மேயருக்குப் பின்னணி வேணும். உன் பேருக்குக் கீழ ஒரு வெளியூர் இருக்கா?"

"அவன் பீட்சா கொண்டு போனான்!"

"பார்சிலோனாவுல கொண்டு போனான்ல?"

யெர்கோ வாசலில் சாய்ந்து, தன் சல்தேன்யாவின் சாறு சட்டையில் சொட்டாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தான். "கோவிச்சுக்காத பாப்பா. பெயின்ட் கலரெல்லாம் உன்னைக் கேட்டுத்தான் போடுவேன்."

"யாருடா பாப்பா? ஏசி ரிப்பேருக்கு வர்றவனைக்கூட இங்க ஆர்க்கிடெக்ட்னு கூப்பிடுறீங்க. பட்டம் வாங்கினவ மட்டும் பாப்பாவா?"

டான் ஏர்லான் காதைக் குடைந்துகொண்டார். "சரி, உன் பின்னணியை நீயே எழுதி ஒட்டிக்கோ. நானா குறுக்க நிக்கிறேன்?"

முதலில் உண்மையை எழுதினாள்: 'இந்த அலுவலகத்தின் எல்லாக் கட்டடங்களையும் வரைந்தவர்.' படித்துப் பார்த்தால் சமையல்காரிக்குக் கொடுத்த நற்சான்று போலிருந்தது. கிழித்தாள். கோபம் விரலுக்கு வந்தது. ஒரே வரி எழுதி ஒட்டினாள்: 'சாவ் பாவ்லோவில் பஸ் நிலைய அனுபவம்.'

மறுநாள் மேயர் குனிந்து பலகையைப் படித்தார். யெர்கோ நீட்டிய கை காற்றிலேயே நின்றது.

"பார்சிலோனா கடல் இருக்கிற ஊரு. நமக்கேது கடல்? சாவ் பாவ்லோ யாரு?"

"நான்தான்."

"நிலையத்துக்குள்ளயேவா, ஆர்க்கிடெக்ட்?"

"உள்ளயேதான். வெளிய வந்து ஊரைக்கூடப் பார்க்கல."

"வேலைன்னா அப்படி இருக்கணும்!" மேயர் யெர்கோவை முறைத்தார். "பொறுப்பு இவங்ககிட்டயே இருக்கட்டும்."

"மாமா, அவ புளுகுறா!" என்றான் யெர்கோ.

"எந்த வார்த்தை புளுகு? சொல்லுடா, பீட்சா!"

மேயர் காரில் ஏறிப் போனார். அவள் மாதக்கணக்கில் வரைந்த வரைபடம் மேஜைமேல் சுருட்டியபடியே கிடந்தது. அதன் ரப்பர் பேண்டை ஒருவரும் கழற்றவில்லை. ஜெயித்த பிறகும் நெல்ஃபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாவ் பாவ்லோ நிலையத்தில் அவள் தவறான நடைமேடையில் காத்திருந்து பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள்.