ஊர்க்குடியாகச் சேர வந்த பிரபு

எங்கள் லிண்டன்ரோடா என்கிற குட்டிச் சீமையை ஆண்ட வம்சத்தைப் பற்றிப் பள்ளிக்கூட வாத்தியார் தடிமனாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். சிலுவைப் போருக்குப் போன வீரன்தான் மூலபுருஷன் என்று அதில் இருக்கிறதாம். நான் நம்பவில்லை. உப்பு வியாபாரியின் விதவையைக் கட்டிக்கொண்டு, அவள் காசில் கோட்டை வாங்கியவன்தான் முதல் ஆள் என்பது ஊர்ப்பேச்சு. அவனுடைய பேரன்மார் சொத்தைப் பிரித்த லட்சணத்தில், ரொட்டிக்கடை அடுப்பு ஒருத்தன் சீமையில், புகைபோக்கி இன்னொருத்தன் சீமையில். பிறகு வந்த ஒருத்தன் எங்கள் பையன்களை வெளிநாட்டு ராஜாவுக்குப் பட்டாளமாக விற்றான். இன்னொருத்தன் காட்டைச் சீட்டாட்டத்தில் விட்டான். கடைசி ஆள் எமில் பிரபு. எனக்கு நேரில் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

நான் வைட், வீட்டுக் கூரைகளுக்குப் பலகைக்கல் பதிக்கிறவன். கோட்டைக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தால் சீமை முழுவதும் தெரியும். அவ்வளவுதான் சீமை. பிரபுவின் பிறந்தநாளுக்கு லிண்டன் மரத்தடியில் பேண்டு வாசிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பிளம்ஸ் கேக் உண்டு. சந்தைத் திடல் சின்னது என்பதால் பட்டாளம் நீரூற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கும். நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் அந்த முரசுச் சத்தம் இன்னும் என் காலில் இருக்கிறது.

எமில் கட்டியது தோல் பதனிடுகிறவர் மகள் ஒட்டிலியை. சமமான குலம் இல்லை என்பதால் அவளுக்குப் பட்டம் கிடையாது. செத்தாலும், கோட்டைத் தேவாலயத்துக்கு அடியில் வம்சத்தார் வரிசையாகப் படுத்திருக்கிற நிலவறையில் இடம் கிடையாது. குடும்பச் சட்டம் அப்படி.

போரில் தோற்றோம். ஆட்சி போனது. எமில் நாட்டை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோட்டக்காரன் வீட்டில் ஒட்டிலியோடு குடியிருந்தார். சில வருஷத்தில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஊர் இடுகாட்டில் அவள் அப்பன் பக்கத்தில் புதைத்தோம்.

அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று நான் போயிருந்தபோது கேட்டேன். "அந்தம்மாவை நிலவறையிலேயே வெச்சிருக்கலாமே? இப்ப யாரு தடுக்கப் போறா?"

"தாத்தா போட்ட சட்டம், வைட். நாட்டைத்தான் எழுதிக் குடுத்தேன். அதை எழுதிக் குடுக்கல," என்றார். "அவ அங்க வர முடியாதுன்னா நான் அவ கிட்டப் போறேன்."

அதிலும் ஒரு சிக்கல். ஊர் இடுகாட்டில் ஊர்க்குடிகளுக்கு மட்டும்தான் இடம். ஒட்டிலி பிறப்பால் ஊர்க்குடி. ஊரையே ஆண்டவர் ஒருநாளும் ஊர்க்குடியாக இருந்ததில்லை!

அந்த வசந்தத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ச்சபைக்கு வந்து நின்றார். சபைத் தலைவர் செருப்புத் தைக்கிற குன்ஸ். நானும் உறுப்பினன்.

"உக்காருங்க, பிரபு..." என்று வாய் தவறிய குன்ஸ், "எமில் அய்யா," என்று திருத்திக்கொண்டார்.

மதுக்கடை ரப்பேக்கு நாக்கில் நரம்பே கிடையாது. "ஊர்க்குடியா சேரணும்னா ஒரு தொழில் தெரியணும். உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஆண்டுக்கிட்டிருந்தேன்."

"அந்தக் கடையத்தான் மூடியாச்சே!"

சபையே சிரித்தது. எமிலும் சிரித்தார். "ஆப்பிள் மரம் கவாத்து பண்ணுவேன்."

"அட! யாரு கத்துக் குடுத்தா?"

"என் பொண்டாட்டி."

சிரிப்பு நின்றது. ரப்பே மட்டும் விடவில்லை. "ஆண்டப்ப எங்க தலைமேல. செத்தா எங்க பக்கத்துலயா? நல்லாயிருக்குய்யா நியாயம்!"

நான் எழுந்தேன். "என் தம்பி யோஸ்ட் உங்க பட்டாளத்துலதான் போனான். அவனுக்கு எங்கயும் ஒரு குழிகூட இல்ல. உங்களுக்கு மட்டும் நாங்க ஏன் குடுக்கணும்?"

வீரமரணம், தாய்நாடு என்று ஏதாவது சொல்லியிருந்தால் அப்போதே எதிர்த்துக் கை தூக்கியிருப்பேன். பாதிரியும் அதிகாரியும் அதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்திருந்தது. அவர் சொல்லவில்லை.

"குடுக்கணும்னு இல்ல, வைட். கேக்க வந்தேன். எங்க வம்சத்துல யாரும் இந்த ஊர்கிட்ட எதையும் கேட்டதில்ல, எடுத்துக்கிட்டுத்தான் பழக்கம். எப்படிக் கேக்கறதுன்னுகூட எனக்குத் தெரியல. அவ பக்கத்துல படுக்கணும். அவ்வளவுதான்."

ஓட்டுக்கு விட்டதில் ஆதரவும் எதிர்ப்பும் பாதிக்குப் பாதி நின்றன, என் கை மட்டும் பாக்கி. அவருக்காகத் தூக்கினேன்.

"யோவ் வைட், உனக்குமா மூளை கலங்கிடுச்சு?" என்று ரப்பே கத்தினான்.

"என் கை, நான் தூக்குறேன். உன் பீரைப் பாரு."

புதுக்குடி ஊர்த் தீயணைப்புக்கு ஒரு தோல் வாளி தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். செத்துப்போன மாமனாரின் பழைய பட்டறையில் தைத்த வாளியை அவரே சுமந்துகொண்டு வந்தார். ரப்பே கடைப் புகைபோக்கி பற்றிக்கொண்டபோது, எனக்கும் சுண்ணாம்பு சுடுகிறவனுக்கும் நடுவில் நின்று வாளி கைமாற்றினார். பாதித் தண்ணீர் என் பூட்ஸில்தான். திட்டினேன். வாங்கிக்கொண்டார்.

அவர் செத்தபோது இன்னொரு கிளைப் பங்காளிகள் கறுப்பு வண்டியோடு வந்து இறங்கினார்கள். ஆண்டவர்களில் கடைசி ஆள், நிலவறையில் இடம் காலியாக இருக்கிறது, எடுத்துப் போகிறோம் என்றார்கள். வாசலை மறித்து நின்றது யார் என்கிறீர்கள்? ரப்பே.

"எங்க ஊர்க்காரரை எங்கய்யா தூக்கிட்டுப் போறீங்க? வண்டியத் திருப்பு!"

ஒட்டிலி பக்கத்திலேயே இறக்கினோம். நிலவறையில் அந்த இடம் இன்னும் காலிதான். கோட்டைத் தேவாலயத்துக்குக் கூரை வேலைக்குப் போகும்போதெல்லாம் கீழே இறங்கிப் பார்க்கிறேன். அவருக்குப் பிறகும் எங்களை ஆள ஆட்கள் வந்தார்கள், கொடியோடும் சத்தத்தோடும். ஒருத்தனும் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கள் முன்னால் வந்து நிற்கவில்லை.