பாதி வரி வீடு

என் வீட்டுக்காரர் சந்திரமோகன் எந்த நாட்டுக்கும் பிடிகொடுக்காத மகான். துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை. இங்கே வருஷத்தில் பாதி நாள் தங்கிவிட்டால் அந்தச் சம்பளத்துக்கும் வரி கேட்பார்களாம். கம்ப்யூட்டர் வேலைதான், எங்கள் ஊர் இண்டூரில் உட்கார்ந்தும் பார்க்கலாம். ஆனால் ஆடிட்டர் சொன்ன நாளிலிருந்து, வந்த பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கிளம்பும் தேதியைச் சொல்லிவிடுவார். மகள் டெங்குவில் கிடந்தபோதும், "மார்ச் முடியட்டும், ஏப்ரல்ல வர்றேன்" என்றார். கொசுவுக்கு நிதியாண்டு தெரியவில்லை.

இந்தப் பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்கு ஊர்வரி வசூலிக்க அவருடைய பெரியப்பா நஞ்சப்பன் வந்தார். எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு, அதற்கு ஒரு வரி. புருஷன் செத்த வீட்டுக்கு மட்டும் பாதி. பாதி வரி வீட்டு மாவிளக்கு ஊர்வலத்தில் கடைசியில்தான் போகும். இத்தனை வருஷமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய காசில் வீட்டுக்காரர் பேரில் முழு வரி கட்டி, நான் முன்வரிசையில் நடந்தேன்.

அன்றைக்குப் பார்த்து இவர் வீட்டில் இருந்தார்.

"பெரியப்பா, நான் இங்க ரெசிடென்ட்டே இல்லீங்க. சர்க்காருக்கே கட்டறதில்ல, சாமிக்கு எதுக்குங்க?"

நஞ்சப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இது ஆம்பள இல்லாத வூடு. பாதி வரி போதும் தம்பி."

குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இவருக்கோ வாயெல்லாம் பல். "பாத்தியா சோபனா? பேசினா கொறையுது!"

கழுத்தில் தாலி இருக்கும்போதே என்னை விதவையாக்கி, அதிலும் பாதி மிச்சம் பிடித்த கெட்டிக்காரர். உள்ளே போய் முழுப் பணத்தையும் எடுத்துவந்தேன்.

"மாமா, முழு வரிங்க. தலைக்கட்டு சோபனான்னு எழுதுங்க."

"பொம்பள பேர்ல எழுதினதில்லையேம்மா."

"இங்க தங்கறவங்கதான் கட்டணும்னு உங்க மகனே சொல்றாரு. வருஷம் பூரா இங்க தங்கறது நான்தானுங்களே?"

நஞ்சப்பன் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

"பெரியப்பா, அப்ப எம் பேரு?"

"வெளியூர்க்காரங்க நன்கொடை குடுக்கலாங்க சார். ரசீது தர்றோம்."

தூக்கி வளர்த்த பெரியப்பாவின் வாயில் 'சார்' என்று கேட்டதும் இவர் முகம் செத்துப்போனது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. விருந்தாளியிடம் கேட்பதுபோல, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்று கேட்டேன்.