ஏன் இந்த இணைப்பு?

லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக்குகளுக்குக் கையேடு எழுதும் ஆறு பேரில் அவளும் ஒருத்தி. ஏழு வருஷமாக எழுதுகிறாள். ஏழு வருஷமும் ஒப்பந்தத்தில்தான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை கெஞ்சிக் கூத்தாடி நீட்டித்துக்கொள்ள வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் ஒட்டப்போகிறார்கள், அதில் அவள் பெயர் உண்டு என்று அலுவலகமே பேசிக்கொண்டது. குடிபோகவிருந்த வீட்டின் சொந்தக்காரர் நிரந்தர வேலைக் கடிதத்தைக் கண்ணில் காட்டினால்தான் சாவி என்று ஒற்றைக்காலில் நின்றார். அவள் கணவன் தினமும் பல் துலக்கிக்கொண்டே "பட்டியல் வந்துச்சா?" என்று நுரையோடு கேட்டான்.

அவர்கள் எழுதுவது அலுவலகத்திலேயே செய்த ஒரு எடிட்டரில். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கும்போதெல்லாம் ஒரு சின்னப் பெட்டி முளைத்து 'ஏன் இந்த இணைப்பு?' என்று கேட்கும். குறைந்தது இருபது எழுத்து அடித்தால்தான் வழிவிடும். எந்தக் கமிட்டி எந்த மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் இதை முடிவு செய்ததோ தெரியாது. அடித்தது எங்கே போகிறது என்றும் தெரியாது. எட்டு வருஷத்தில் அது திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. ஆகவே ஆறு பேரும் மனசில் பட்டதையெல்லாம் அதற்குள் கொட்டினார்கள். மூலை மேஜைக்காரர் 'சும்மா சும்மா சும்மா சும்மா' என்று அடிப்பார். ஜன்னலோரத்து அம்மாள், மாமியார் வந்து இறங்கிய நாள் முதல் நடந்ததைத் தொடராக எழுதிவந்தார். நம்மவள் எழுதியது மேலாளரைப் பற்றி.

மேலாளர் பொல்லாதவர் அல்ல. எதைச் சொன்னாலும் "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்பார், அவ்வளவுதான். அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்ததே இல்லை என்பதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. 'இந்தப் பக்கத்தை அடுத்தபதிப்பு படித்திருந்தால் முதல் வரியிலேயே குறட்டை கேட்டிருக்கும்' என்று ஓர் இணைப்பில் எழுதியிருந்தாள். 'இது சுற்றிவிட்டு இங்கேயேதான் வரும், அவர் பேச்சைப் போல' என்று இன்னொன்றில். எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். சம்பளத்தில் சேராத சந்தோஷம் அது.

அவற்றுக்கு நடுவே சிரிப்பில்லாத குறிப்பு ஒன்றும் இருந்தது. அதே கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, உங்க புத்தகத்துல பிரேக் இடைவெளி எட்டுன்னு போட்டிருக்கு. மூணுதான் சரி. எட்டு வச்சா பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்காது. எனக்குத் தெரியும், நான் மூணு வச்சுடுவேன். புதுசா சேர்றவங்க புத்தகத்தத்தானே நம்புவாங்க?"

மறுநாளே மேலாளரிடம் சொன்னாள். அடுத்த பதிப்பு என்றார். ஒரு மாதம் கழித்து மறுபடி சொன்னாள். ஒரு முறை சொன்னது தனக்கு மறந்துவிடுமா என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்து இணைப்பில், 'பிரேக் இடைவெளி எட்டு என்பது தவறு, மூன்றுதான் சரி. இரண்டு முறை சொல்லியாயிற்று. அடுத்த பதிப்பாம்' என்று அடித்தாள். அடித்ததும் மனசு லேசாகிவிட்டது. எழுந்து டீ குடிக்கப் போனாள்.

புதன்கிழமை 'விஞ்ஞானி' வந்தான். அந்த எடிட்டரைப் பார்த்துக்கொள்கிற புரோகிராமருக்கு அங்கே அதுதான் பெயர். யாரும் கேட்காததைச் செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பது அவன் சுபாவம். இம்முறை இயக்குநர் அம்மாவையே கூட்டத்துக்கு அழைத்து வந்திருந்தான்.

"இனிமே இணைப்பு மேல கர்சர் நின்னாலே போதும் மேடம். எந்தப் பக்கத்துக்குப் போகுது, ஏன் போகுது, யார் போட்டது, என்னிக்குப் போட்டது, எல்லாம் அங்கேயே தெரியும். தகவலுக்கு நான் அலையவே இல்ல. எட்டு வருஷமா எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க!"

திரையில் கர்சர் ஒரு இணைப்பில் போய் நின்றது. மெல்லிய மஞ்சள் பெட்டி விரிந்தது. 'சும்மா சும்மா சும்மா சும்மா', கீழே மூலை மேஜைக்காரரின் பெயர், தேதி. அவர் மேஜைக்கடியில் பேனாவைத் தேட ஆரம்பித்தார். விஞ்ஞானி அவசரமாக அடுத்ததற்கு நகர்ந்தான். 'போகிறேன் போகிறேன் என்கிறார், பெட்டியை மட்டும் கட்டமாட்டேன் என்கிறார்.' ஜன்னலோரத்து அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். நம்மவள் தான் எழுதியதையெல்லாம் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு உக்காரலாம். நான் எல்லாத்தையும் படிக்கணும்" என்று எழுந்து போனார்.

அடுத்த பத்து நிமிஷத்தில் விஞ்ஞானியின் மேஜை முன்னால் ஒரு வரிசையே நின்றது. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, கேட்டவர்களின் குறிப்புகளை அழித்துக்கொடுத்துக்கொண்டிருந்தான். மற்ற ஐந்து பேரும் அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"உனக்கும் அழிச்சுடட்டுமா?" என்றான் அவளிடம். "ஆனா ஒண்ணொண்ணா எடுக்க நேரமில்ல. ஒருத்தர் பேர்ல இருக்கிற மொத்தமும் போயிடும்."

"ஒண்ணே ஒண்ணு இருக்கணும். அத மட்டும் திரும்ப எழுதிக்கலாமா?"

"எழுதலாம். இன்னிக்குத் தேதிதான் விழும்."

இன்றைய தேதி போட்டால் மேலாளர் "இப்பதான் சொல்றாங்க" என்று கையை விரித்துவிடுவார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தால்தான் அவர் வாய் அடைக்கும். "நாளைக்குக் காலைல சொல்றேன்" என்றாள்.

வீட்டில் சொன்னதும் கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "உனக்கென்ன பைத்தியமா? அழிச்சுடு. பட்டியல் வரட்டும், சாவி வாங்கிடுவோம். அப்புறமா அந்த பிரேக்க வாயால சொல்லிக்க."

"வாயால ரெண்டு தடவ சொல்லியாச்சு."

"மூணாவது தடவ சொல்லு."

அவள் அழிக்கவில்லை. மறுநாள் இருப்பதிலேயே நல்ல உடையாக உடுத்திக்கொண்டு கிளம்பினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததை மறைப்பானேன்? ஊரே ஓடி ஒளியும்போது தான் ஒருத்தி மட்டும் நிற்கிறோம் என்கிற பெருமை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

கூட்டத்தில் மற்ற ஐந்து பேரும் அன்றைக்குத்தான் பிறந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கர்சர் எந்த இணைப்பில் நின்றாலும் வெறும் பெட்டி. எங்கேயாவது எழுத்து தெரிந்தால் அது அவளுடையது. இயக்குநர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். குறட்டை வந்தது. சுற்றி வரும் பேச்சு வந்தது. மேலாளரின் காது மடல் சிவந்தது. நாற்பது குறிப்புக்கு அப்புறம் பிரேக் வந்தது.

இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். "உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று மேலாளரைக் கேட்டார்.

"சொன்னாங்க மேடம். அடுத்த பதிப்புல…"

"போதும்." அவள் பக்கம் திரும்பினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தப் பெட்டிய யாரும் பாக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுதான் இதுக்குள்ள எழுதி வச்சீங்க. மூணு வருஷம். என் ரூம் மேல் மாடிலதான் இருக்கு. ஒரு நாள் ஏறி வந்திருக்கலாமே?"

பட்டியல், ஒப்பந்தம், பதினோரு மாதம் என்று நாக்கு நுனி வரை என்னென்னவோ வந்தது. நேற்றிலிருந்து உடுத்தியிருந்த பெருமை முழுக்க ஒரு நொடியில் கழன்று விழுந்தது. அவமானமாக இருந்தது.

"இப்பவே எல்லா மெக்கானிக்குக்கும் எழுதுங்க" என்றார் இயக்குநர். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இரண்டு வரி. அனுப்பி முடிக்க நான்கு நிமிஷம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை. இணைப்புக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள், தலைவர் மேலாளர். அதன் முதல் முடிவாக இருபது எழுத்து நாற்பதாக உயர்ந்தது.

"நல்லது செஞ்சதுக்கு இதுவா கூலி?" என்று கணவன் வீட்டில் குதித்தான். அவளுக்கும் கோபப்பட ஆசைதான், வரவில்லை. அப்போது தம்பி போன் செய்தான். பின்னால் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, நோட்டீஸ் வந்துச்சு. புதுசா சேர்ந்தவங்க எட்டு வச்சுட்டு வந்த லிஃப்ட எல்லாம் தேடித் தேடி மாத்திட்டிருக்கோம். நேத்து மத்தியானத்துலேருந்து வீட்டுக்கே போகல."

"எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. அறுபத்திரண்டு முடிச்சிருக்கோம். இன்னும் வந்துகிட்டே இருக்கு."