தரை இறங்காத பின்சக்கரங்கள்

மார்ச் 14, வெள்ளி. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. லோரீனுடைய காரின் பின்சக்கரங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்பதாக எழுதியிருந்தது. அளந்து பார்த்ததில் இரண்டு விரல் குறைவு. மற்றதெல்லாம் சரி. ஜாக்கியை எடுத்தாயிற்று, அடியில் முட்டு எதுவும் இல்லை, வண்டி இறங்கவில்லை. தேவாலயத்தில் தவக்கால வெள்ளி மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பியவர்கள் குனிந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஃபிளின்ட் நகரத்தில் பனி கரைந்தால் ரோட்டில் குழிதான் மிச்சம். பெரிய எஞ்சின் வைத்த அந்தப் பழைய மசில் காருக்குப் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அச்சு. ஒன்று குழியில் விழுந்தால் மற்றதும் துள்ளும். சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஒன்றை அவள் அப்பா பழைய இரும்புக் கடையில் வாங்கி வைத்தார். மாட்டுவதற்குள் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார். இரண்டு வருஷம் லோரீன்தான் பார்த்துக்கொண்டாள். அண்ணன் டுவேன் ஃபுளோரிடாவிலிருந்து அடக்கத்துக்கு மட்டும் வந்தான். ஆனால் வண்டியின் உரிமைப் பத்திரம் அவன் பெயரில் இருந்தது. அவள் மாலை வகுப்பில் வெல்டிங் படித்து, பழைய அச்சைக் கழற்றி எறிந்து, அப்பா வாங்கியதைத் தானே பொருத்தினாள்.

புதன்கிழமை கடைசி போல்ட்டுகளை மாட்டும்போது டுவேனிடமிருந்து போன் வந்தது.

"அப்பா வண்டியக் கண்டம் பண்ணிட்டியாமே. சனிக்கிழமை வாங்குற ஆளோட வர்றேன், சாவிய எடுத்து வை."

"அவருக்கு ஆக்சிஜன் மாத்தறப்ப நீ எங்கண்ணே இருந்தே?"

"ஆரம்பிச்சுட்டியா."

சக்கரம் தரையில் நின்று, பாரம் ஏறிய பிறகுதான் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளோ, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கித் தள்ளிவிட்டாள். மற்றவர்கள் இப்படிச் செய்தால் வண்டி கொஞ்சம் தூக்கலாக நிற்கும். அவளுடையது தொங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

மார்ச் 15, சனி. டுவேன் வந்தான். வாங்க வந்தவரும் அவனும் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி அசையவில்லை.

"பின்சக்கரம் தரையத் தொடாம இத எப்படிங்க ஓட்டிட்டுப் போறது?" என்றார் வந்தவர்.

"போல்ட்டத் தளர்த்து, லோரீன்."

"ஸ்பேனர் அங்க கிடக்கு. உன் வண்டிதானே, நீயே படுத்துப் பண்ணு."

அவன் அடியில் படுத்து, போல்ட்டில் கை வைத்தான். கத்திக்கொண்டே வெளியே வந்தபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. புதன்கிழமை முறுக்கியது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்.

"உங்கப்பன மாதிரியே பீடை. நீயே வச்சுக்க," என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு எறிந்துவிட்டுப் போனான் டுவேன்.

"உனக்கும்தான் அப்பா," என்றாள் லோரீன். அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை: போல்ட்டுகள் ஆறியிருந்தால் தளர்த்தி வண்டியை இறக்குவது. ஆறாவிட்டால், சக்கரங்களுக்கு அடியில் தரையை உயர்த்துவது.