டைம்கீப்பர் நிரப்பிய கட்டங்கள்

ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியும் ஊருக்கு அவர் டைம்கீப்பர்தான். பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் நேரம் எழுதியவர். வராத பஸ்ஸையும் வந்ததாக எழுதுவார். டிரைவர் பாவம், புகார் போனால் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள் என்பார். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது?

இப்போது அவர் நேரம் எழுதுவது ஆஸ்பத்திரி கொடுத்த நீல டைரியில். காலை எட்டு, இரவு எட்டு என்று மனைவி மாத்திரை போட்டதும் கட்டத்தை நிரப்ப வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை, கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அதில் முப்பத்தோரு கட்டம் பொய்.

மனைவிக்குக் குடலில் புற்றுநோய். பழைய மருந்துகள் கைவிட்ட பிறகு, புது மாத்திரையைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் அவளுக்கு இடம் வாங்க எட்டு மாதம் நடையாய் நடந்தார். கிடைத்த இரண்டாம் வாரமே வாந்தி. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. “இன்னிக்கு ஒரு வேளை வேண்டாங்க” என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னால் பெயரை அடித்துவிட்டால் என்ன செய்வது? பயம் வந்தால் புத்தி புல் மேயப் போய்விடும்.

“நர்ஸ்கிட்ட போன்ல சொல்லிட்டேன். முடியாதப்ப விட்டுடலாமாம்” என்று அவளிடம் ஒரு பொய் சொன்னார். டைரியில் ஒரு பொய் எழுதினார். மிச்ச மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஷேவிங் பெட்டியில் போட்டார். அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, காலி அட்டைகளையும் டைரியையும் நல்ல பிள்ளையாக நர்ஸிடம் நீட்டினார். “லேசாக் குமட்டல், அவ்வளவுதாம்மா.”

இன்று டாக்டர் ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“கட்டி வளந்திருக்கும்மா. இந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யல. ஆராய்ச்சி விதிப்படி இதோட நிறுத்தணும்.”

டைம்கீப்பருக்கு ஷேவிங் பெட்டி ஞாபகம் வந்தது. மருந்தா வேலை செய்யவில்லை? உள்ளே போனால்தானே செய்யும்.

அவள்தான் நிதானமாகக் கேட்டாள். “நான் விட்டு விட்டுப் போட்டதாலயா டாக்டர்? நர்ஸம்மாதான் விடலாம்னு சொன்னாங்களே.”

டைரியைப் புரட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தார். “நானா? இதுல ஒரு வேளைகூட விடலையேம்மா.”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“நான்தான் எழுதினேன். இவளை எடுத்துடுவீங்களோன்னு பயம். முப்பத்தோரு மாத்திரையும் வீட்லதான் இருக்கு.”

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “வாந்தின்னு சொல்லியிருந்தா அளவைப் பாதியாக் குறைச்சிருப்போம். அதுக்காக யாரையும் எடுக்கறதில்ல. நாலு பேருக்குக் குறைச்சிருக்கோம். தாங்கிக்கறாங்க.”

“இப்பக் குறைச்சுக் குடுங்களேன்.”

“இவ்வளவு வளந்த பிறகு விடமாட்டாங்க. ஆராய்ச்சிக் குழுகிட்டக் கேட்டுப் பாக்கறேன். ஆனா அதை நம்பி இருக்காதீங்க.”

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. நோய் செய்ய வேண்டியதைத் தன் கையே செய்துவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. நடைபாதை பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“ஏதாவது திட்டும்மா.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“வராத பஸ்ஸுக்கு நேரம் எழுதறீங்களே, ஸ்டாப்ல நிக்கறவங்க கதி என்னன்னு அப்பவே கேட்டேன். சிரிச்சீங்க.”

அவர் பாட்டிலை மூடினார்.

“இப்ப நான் நிக்கறேங்க.”