வண்டிக்குள் அரிசிப் பை

இராமகிருஷ்ணன் சார் வீட்டு வராந்தாவில் அந்தக் குழந்தை வண்டி நின்றிருந்தது. கருநீலக் கூரை, நாலு பெரிய சக்கரம், இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள அகலமான கைப்பிடி. சாரின் மச்சினி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். சாருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. மறுநாள் லாரி வருகிறது. அவர் மனைவி வசந்தா வண்டியின் விலையைச் சொன்னதும் பாஸ்கரனின் முகம் இறுகியதை அவன் மனைவி கஸ்தூரி பார்த்தாள். ஆவடித் தொழிற்சாலையில் அவன் வாங்கும் சம்பளத்தில் சரிபாதி.

"இன்னாம்மா, இதுக்கா இவ்ளோ? இந்தத் துட்டுக்குக் காய்கறி வண்டியே வாங்கிடலாம்."

"வேண்டாம்னா சொல்லிடுங்க. பட்டாபிராமத்துலேர்ந்து ஒருத்தர் சாயங்காலம் வர்றேன்னிருக்கார்" என்றாள் வசந்தா.

கஸ்தூரி அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் வலது கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பாள். மிச்சம் இருப்பது இடது கை ஒன்றுதான். அந்தக் கையில் குழந்தையோடு பால் டிப்போவுக்குப் போனவள் போன மாதம் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். குழந்தையின் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பாஸ்கரன் அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "இனிமே பாப்பாவத் தூக்கினு வாசப்படி தாண்டாத" என்று மட்டும் சொன்னான். அதிலிருந்து அவன் ஷிப்டு முடிந்து வரும்வரை ஜன்னல் கம்பிதான் அவளுக்குத் தெரு.

பாஸ்கரன் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "சரி, தள்ளு பார்ப்போம்."

கஸ்தூரி கைப்பிடியைப் பற்றி உடம்பின் பாரத்தைச் சாய்த்தாள். வண்டியின் முன்பக்கம் விருட்டென்று மேலே எழும்பியது. தடுமாறிச் சுவரைப் பிடித்தாள்.

"பாத்தியா! உன்னையே கவுத்துடும்."

"காலி வண்டிங்க. உள்ள ஆள் இருந்தா எழும்பாது" என்றாள் கஸ்தூரி.

"எம் புள்ளைய வெச்சா சோதிக்கச் சொல்ற?"

வசந்தா உள்ளே போய் மூட்டை கட்டி வைத்திருந்த அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஏறக்குறைய குழந்தையின் கனம்தான். பாஸ்கரன் அதை வண்டியில் கிடத்தினான். "தெருமுனை வரிக்கும் போய்ட்டு வா. நான் கூட வரமாட்டேன்."

அவள் வண்டியோடு தெருவில் இறங்கினாள். வண்டி இந்தத் தடவை எழும்பவில்லை. இரண்டு கைகளும் கைப்பிடியில். வலது கால் இழுபட்டது, ஆனாலும் உடம்பு கோணவில்லை. நிமிர்ந்து நடந்து எத்தனை வருஷம்! எதிர்வீட்டு வாசலில் கோலமாவு விற்பவளிடம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேர்த்துக் கொட்டியது. முனையில் திரும்பினாள்.

குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் அவள் கண்ணில் படவில்லை. முன்சக்கரம் தடாலென்று இறங்கியது. பை முன்னால் சரிந்து ரோட்டில் விழுந்தது. அரிசி சிதறியது.

பாஸ்கரன் குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். "போதும், வா. அரிசியாப் போச்சு. பாப்பாவா இருந்தா?"

அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் வண்டி கவிழவில்லை, அவளும் விழவில்லை. இருக்கையின் இரண்டு பக்கமும் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க பெல்ட்டு போடல."

"இன்னா?"

"பைக்குப் பெல்ட்டு போடலைங்க. எம் பொண்ணுக்குப் போடாம இருப்பனா நானு?"

அவள் குனிந்து பையை எடுத்து, கிழிந்த வாயை முடிந்து, உள்ளே வைத்துப் பெல்ட்டை மாட்டினாள். வண்டியைப் பின்னால் இழுத்து அதே பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினாள். பை முன்னால் முட்டி நின்றது, விழவில்லை. கைப்பிடியை அழுத்தினாள். முன்சக்கரம் எழும்பி மேட்டில் ஏறியது. பின்சக்கரத்துக்கு மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு. ஏறிவிட்டது.

பாஸ்கரன் மெதுவாகக் கேட்டான்: "போனஸ்ல மிக்சி வோணும்னியே?"

"அம்மியில அரைக்க உக்காந்தாப் போதுங்க. வெளிய போறதுக்குத்தான் நிக்கணும்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் நெற்றித் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றான். "எனக்குப் பயமா கீது கஸ்தூரி."

"எனக்கு மட்டும் இல்லியா?"

திரும்பிப் போய்ப் பணத்தைக் கொடுத்தான். சிந்திய அரிசிக்கும் சேர்த்து நீட்டினான். வசந்தா அதை வாங்க மறுத்துவிட்டாள். குழந்தையை வண்டியில் கிடத்திப் பெல்ட்டை அவனே மாட்டினான். இழுத்துப் பார்த்தான், மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கை கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளியே கூட வந்தது. தொடவில்லை, விலகவுமில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் "பாத்து, பாத்து" என்றான். கடைத்தெரு தாண்டியதும் கூட வேலை செய்யும் மணவாளன் சைக்கிளை நிறுத்தி அவனைப் பேச்சில் பிடித்துக்கொண்டார். "நீ போய்க்கினு இரு, வரேன்" என்றான் பாஸ்கரன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்ததுபோல ஒரு எட்டு முன்னால் வைத்தான். பிறகு நின்றுகொண்டான்.

கஸ்தூரி நிற்கவில்லை. தூங்கிப்போன மகளின் தலை வண்டியோடு சேர்ந்து ஆடுவதைப் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போனாள்.